கொள்ளைநோய்க் கதைகளும் பிணம் சுமந்த தோள்களும்

புதுச்சேரி நகரின் வடபால் அமைந்த கருவடிக்குப்பம், தமிழ் இலக்கிய அன்பர்களுக்குப் புதிய பெயரன்று. 1908இல் புதுவைக்கு வந்து பத்தாண்டுகள் தங்கிய பாரதியார், தம் ‘குயில் பாட்டு’க்குக் களமாகக் கொண்ட மாஞ்சோலை இவ்வூரில்தான் இருந்தது என்பர். சித்தானந்த சுவாமிகள் கோயிலும் இங்குள்ளது. ஆயினும், நகரத்தில் வாழ்வோர்க்கு இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் குயிலைவிட மயானமே முதலில் நினைவுக்கு வரும். நகரத்தார் பலருடைய இறுதிப் பயணம் முடியும் இடம் அது.

2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை நாடெங்கும் உயிர்களை வாரிக்கொண்டிருந்த வேளையில், நாம் அம்மயானத்தின் வாயிலுக்குச் சென்றோம். எம்முடன் நெடுங்காலம் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் அன்று காலை மறைந்திருந்தார். நாம் அரபு இலக்கணம் பேச, அவர் தொல்காப்பியம் பேச, பொழுது போனதே தெரியாமல் எத்தனையோ மாலைகளைக் கழித்திருக்கிறோம். அவருடைய மகன் வெளிநாட்டில் இருந்தான்; விமானம் இல்லை. உறவினர் மூவர் வந்திருந்தனர். அவர்களும் நாமும் சாலையின் எதிர்ப்புறத்தில், வேப்பமர நிழலில் விலகி நின்றோம்.

ஊர்தி வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பால் மூடிய நால்வர் உடலை இறக்கினர். நம் கால்கள் ஓரடி முன்னே சென்றிருக்கலாம். அந்நால்வரில் ஒருவர் கையை உயர்த்தி, “ஹஜ்ரத், நீங்கள் அங்கேயே நில்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். குரலைக் கேட்ட பிறகே ஆளை அறிந்தோம். சிறு வயதில் எம்மிடம் குர்ஆன் ஓத வந்த பிள்ளை. தன்னார்வத் தொண்டர்களுடன் சேர்ந்து இப்பணியில் இறங்கியிருந்தான். அவன் சொல்லை நாம் தட்டவில்லை. உள்ளூர அப்படியொரு சொல்லுக்காகவே காத்திருந்தோம் என்பதுதான் உண்மை.

விலகி நிற்பது அன்று மருத்துவர் இட்ட விதி. அதில் தவறேதும் இல்லை. ஆனால், நம்மை அம்மரத்தடியில் நிறுத்தியது அவ்விதி மட்டுந்தானா என்ற வினா வீடு திரும்பிய பின்னும் நீங்கவில்லை. வீடடங்கியிருந்த அந்த வாரங்களில் கொள்ளைநோய் பற்றிப் பல நாட்டார் எழுதிய கதைகளைத் தேடிப் படித்தோம். அவற்றில் நாம் கண்டது இது: நோயைப் பற்றிய கதைகள் என்று பெயர் பெற்றவை பெரும்பாலும் அச்சத்தைப் பற்றிய கதைகளே. அந்த அச்சம் யாரைக் குற்றவாளியாக்குகிறது, யாரைக் கண்ணில் படாதவராக்குகிறது, முடிவில் யாருடைய தோளில் பிணத்தை ஏற்றுகிறது என்பதையே அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

சொற்கள் காட்டும் உண்மை

கதைகளுக்குச் செல்லுமுன் சொற்களைச் சிறிது நோக்குவோம். ஒரு சமூகத்தின் அச்சம் முதலில் படிவது சொல்லில்தான்.

அரபு மொழியில் பொதுவான கொள்ளைநோய்க்கு ‘வபா’ என்றும், பிளேக் நோய்க்கு ‘தாஊன்’ என்றும் பெயர். ‘தாஊன்’ என்பது ஈட்டியால் குத்துதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒருவன் கையிலிருந்து பாய்ந்த ஈட்டியாகவே நோயை அக்கால மக்கள் உணர்ந்தனர். நோய் தொற்றுவதைக் குறிக்கும் சொல் ‘அத்வா’. ஐன், தால், வாவ் என்னும் மூன்றெழுத்து வேரில் அது பிறக்கிறது. எல்லை கடத்தல், பாய்தல் என்பன அவ்வேரின் பொருள்கள். ‘அதுவ்வு’, அதாவது பகைவன், என்னும் சொல்லும் இதே வேரின் கிளையாகும். தொற்றும் பகையும் ஒரு வேரில் பிறந்த இரு சொற்கள். தொற்று வந்தவுடன் பகைவனைத் தேடும் மனித இயல்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

தமிழும் குறைந்ததன்று. ‘ஒட்டுவாரொட்டி’ என்று தொற்றுநோய்க்கு நம் முன்னோர் பெயரிட்டனர். ஒட்டியவரையெல்லாம் ஒட்டிக்கொள்வது என்று பொருள். ‘கொள்ளை’ என்றால் சூறையாடல். ‘கொள்ளையிலே போக’, ‘பேதியிலே போக’ என்னும் வசைகள் சிற்றூர்களில் பிறந்தவர்க்குப் பழக்கமானவை. காலரா பல தலைமுறைகள் ஊர் ஊராகப் புகுந்து சென்றதன் தழும்பு அவ்வசைகள். பெரியம்மையைத் ‘தாய்’ என்று அழைத்து, வாயிலில் வேப்பிலை செருகி, வந்தவளை மனங்கோணாமல் வழியனுப்பிய மக்களும் நம்மவர்களே. கோயம்புத்தூரில் ‘பிளேக் மாரியம்மன்’ என்னும் பெயரிலேயே கோயில்கள் எழுந்தன. பகைவனைத் தேடாமல் நோயையே உறவாக்கிக்கொண்ட இவ்வழக்கத்தை ஏளனம் செய்வோர், படித்த மக்கள் பகைவனைத் தேடிப் புறப்பட்ட கதையையும் படிக்க வேண்டும்.

சுவரில் துடைத்த மை

இத்தாலிய நாவலாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி, 1827இல் முதலில் வெளியிட்டுப் பின்னர்த் திருத்தி 1840 முதல் 1842 வரை மீண்டும் பதிப்பித்த ‘மணம் பேசிய இருவர்’ என்னும் பெருங்கதையில், 1630இல் மிலான் நகரைத் தாக்கிய பிளேக் நோயை விரித்துரைக்கிறார். நகரத்துப் பெரியோர்கள் முதலில் ‘அது பிளேக் அன்று’ என்றனர். பிறகு ‘பிளேக் போன்றது’ என்றனர். மறுக்க இயலாத நிலை வந்தபோது, ‘யாரோ நஞ்சு பூசிப் பரப்புகின்றனர்’ என்றனர். இந்த மூன்று படிகளையும் மன்சோனி வரலாற்றாசிரியரின் பொறுமையோடு காட்டுகிறார். தன்னை நோக்கி வரவேண்டிய வினாவை அதிகாரம் பிறர்மீது திருப்பிவிடும் வித்தை அது.

நஞ்சு பூசுவோர் என்று மக்கள் நம்பியவர்களில் இருவர் உண்மையில் தண்டிக்கப்பட்டனர். குலியெல்மோ பியாத்சா என்னும் சுகாதார அலுவலர், மழை நாளொன்றில் சுவரோரமாக நடந்து சென்றபோது மைபட்ட விரலைச் சுவரில் துடைத்திருக்கலாம். சன்னலிலிருந்து பார்த்த பெண்ணுக்கு அது நஞ்சு பூசுவதாகத் தோன்றிற்று. சித்திரவதை தாளாமல் அவர் ஜான் ஜாக்கோமோ மோரா என்னும் முடிதிருத்துவோரின் பெயரைச் சொன்னார். இருவரும் 1630 ஆகஸ்டில் கொடிய முறையில் கொல்லப்பட்டனர். மோராவின் வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஓர் ‘இழிவுத் தூண்’ நாட்டப்பட்டது. 1778இல்தான் அத்தூண் அகற்றப்பட்டது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஒரு பொய் கல்லாக நின்றது.

கதையின் நாயகன் ரென்சோவும் நகரத்துக்கு வந்தபோது ‘நஞ்சு பூசுபவன்’ என்று கூட்டத்தால் துரத்தப்படுகிறான். எங்கும் புகலிடமின்றி, பிணங்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் தாவி ஏறித் தப்புகிறான். உயிரோடு இருப்போர் துரத்தும்போது, பிணவண்டி அடைக்கலம் தருகிறது. கொள்ளைநோய்க் காலத்துச் சமூகத்தின் படத்தை அந்த ஒரு காட்சியில் மன்சோனி வரைந்துவிட்டார்.

ஆங்கிலேயரான டானியல் டிஃபோ 1722இல் எழுதிய ‘பிளேக் ஆண்டின் நாட்குறிப்பு’, 1665ஆம் ஆண்டின் லண்டனைக் கண்முன் நிறுத்துகிறது. நோய் கண்ட வீடுகள் பூட்டப்பட்டன. கதவில் சிவப்புச் சிலுவை வரையப்பட்டது. வாயிலில் காவலர் நின்றனர். உள்ளே நோயாளியோடு நலமாயிருந்தோரும் அடைபட்டனர். நோயை மறைப்பதே தப்பும் வழி என்று மக்கள் கற்றுக்கொண்டனர் என்பதை டிஃபோவின் கதைசொல்லி கவலையோடு குறிக்கிறார். கடுமை மிகும்போது நோய் ஒளிந்துகொள்ளும் என்பது அவர் தரும் பாடம்.

இவை பழங்கதைகள் என்று எண்ண வேண்டா. 2020இல் நம் நாட்டிலும் நோயாளிகளின் வீட்டு வாயிலில் அறிவிப்புத் தாள்கள் ஒட்டப்பட்டன. உரிய சட்டப்படியான ஆணையின்றி அவ்வாறு ஒட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் கூற வேண்டியதாயிற்று. அதே 2020 மார்ச்சில், தில்லி நிஜாமுத்தீனில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினரிடையே நோய் பரவியது உண்மை. ஆனால், திட்டமிட்டுப் பரப்பினர் என்ற கூற்றும், அதையொட்டி ஒரு சமூகத்தின் காய்கறி வண்டிக்காரர் முதல் மருத்துவமனைக்குச் சென்ற கர்ப்பிணி வரை அடைந்த அவமதிப்பும் மிலான் நகரத்துச் சன்னலிலிருந்து பார்த்த அதே பார்வையிலிருந்து வந்தவை. அக்கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர் பலிகடாக்களாக்கப்பட்டனர் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்டில் கூறி வழக்குகளைத் தள்ளிற்று. இந்தியர் எழுபது பேர் மீதிருந்த வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் நீக்கியது. நம் காலத்து இழிவுத் தூண் ஐந்தாண்டுகளில் அகன்றது என்று ஆறுதல் கொள்ளலாம். மனங்களில் நாட்டப்பட்டது அகன்றதா என்பது வேறு வினா.

கால்வாய்க்கு அப்பால்

புதுச்சேரியில் இருந்துகொண்டு கொள்ளைநோய்க் கதைகளைப் பேசுவோர் ஆல்பெர் காம்யுவைத் தவிர்க்க இயலாது. பிரெஞ்சு மொழி நெடுங்காலம் ஆட்சி செய்த நகரம் இது. 1913இல் அல்ஜீரியாவில் பிறந்த காம்யு, 1947இல் ‘லா பெஸ்த்’ என்னும் நாவலை வெளியிட்டார். ஓரான் நகரில் நடப்பதாக அமைந்த கதை. அரபு மக்கள் அந்நகரை ‘வஹ்ரான்’ என்பர்.

எலிகள் தெருவுக்கு வந்து சாகின்றன. மருத்துவர் ரியே நோயை அடையாளம் காண்கிறார். அலுவலர்களும் மருத்துவர் சிலரும் ‘பிளேக்’ என்னும் சொல்லை உச்சரிக்கத் தயங்குகின்றனர். பெயரைச் சொன்னால் நகரை மூட வேண்டும், வணிகம் நிற்கும். முடிவில் வாயில்கள் மூடப்படுகின்றன. இறந்தோரை அடக்கும் முறை படிப்படியாகச் சுருங்குவதைக் காம்யு உணர்ச்சியின்றிச் சொல்லிச் செல்கிறார்: முதலில் தனிக்குழி; பிறகு ஆண்களுக்கொன்றும் பெண்களுக்கொன்றுமாகப் பெருங்குழி; பிறகு அந்த வேறுபாடும் இல்லை. இறுதியில் கடலோரமாக ஓடும் டிராம் வண்டிகள் இரவில் பிணங்களைச் சுமந்து எரிமனைக்குச் செல்கின்றன. சிலர் மறைந்திருந்து அவ்வண்டிகளின் மீது மலர்களை வீசுகின்றனர். கருவடிக்குப்பத்து வாயிலில் நின்றவர்களுக்கு அப்பகுதியைப் படிப்பது எளிதன்று.

பாதிரியார் பனலூ அந்நாவலில் இரு முறை பிரசங்கம் செய்கிறார். முதல் முறை, மக்கள் இத்துன்பத்துக்கு உரியவரே என்று ‘நீங்கள்’ எனச் சுட்டிப் பேசுகிறார். பிறகு ஒரு சிறுவன் நோயால் துடித்துச் சாவதை அருகிருந்து காண்கிறார். இரண்டாம் பிரசங்கத்தில் அவர் வாயில் ‘நீங்கள்’ வரவில்லை, ‘நாம்’ வருகிறது. காம்யு இதைக் குறிப்பாகவே எடுத்துச் சொல்கிறார். பிரெஞ்சு மொழியில் கேட்போரைச் சேர்த்துச் சொல்லவும் விலக்கிச் சொல்லவும் ஒரே சொல்தான். தமிழிலோ ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. பனலூ வந்தடைந்தது ‘நாம்’ என்பதில் ஐயமில்லை.

இத்தனை நுண்மையும் அமைந்த நாவலில் ஒரு பெருங்குறை உண்டு. ராம்பேர் என்னும் பத்திரிகையாளர், அரபு மக்களின் வாழ்க்கை நிலையையும் சுகாதாரத்தையும் ஆராயவே பாரிசிலிருந்து ஓரானுக்கு வருகிறார். முழு உண்மையையும் எழுத முடியுமா என்று ரியே கேட்கிறார்; முடியாது என்கிறார் ராம்பேர். பேச்சு அத்தோடு முடிகிறது. அதன்பின் அந்நாவலில் பெயரும் முகமும் உடைய ஓர் அரபு மனிதரும் நோயுற்று நாம் காணவில்லை. ஓரானில் ஐரோப்பியரே மிகுதியாக வாழ்ந்தனர் என்பது உண்மைதான். எனினும், வஹ்ரானின் அரபுத் தாய்மாரும் கூலியாட்களும் எங்கே போயினர்?

இந்நாவலை ஜெர்மானிய நாஜிகளின் ஆக்கிரமிப்புக்கு உருவகமாகக் கொள்வது வழக்கம். ஆசிரியரின் கருத்தும் அதுவே. காம்யு இரக்கமற்றவரும் அல்லர். 1939இல் கபிலியா மலைநாட்டு மக்களின் பட்டினியைப் பற்றித் துணிந்து எழுதியவர். ஆயினும், 1945 மே மாதம் செதீஃப் பகுதியில் விடுதலை கேட்ட அல்ஜீரியர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட ஈராண்டுகளுக்குப் பின் வந்த நாவல் இது. நல்லெண்ணம் கொண்ட எழுத்தாளர் கண்ணிலும் அடிமைப்பட்ட மக்கள் படாமல் போயினர் என்றால், அதைத் தனி மனிதரின் குறையாகக் கொள்வதைவிட ஆட்சி முறையின் குறையாகக் கொள்வதே பொருந்தும்.

புதுச்சேரி வாசகர்க்கு இது விளங்கக் கடினமில்லை. இந்நகரை ஒரு பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரித்தது. கடற்புறம் வெள்ளையர் பட்டணம், மறுபுறம் கறுப்பர் பட்டணம். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைம்மாறும் வரையில், வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்தவர்கள் மேற்கே இருந்தவர்களைக் குறிப்பிடாமலே இந்நகரின் கதையைச் சொல்லிவிட முடிந்தது. அச்சம் ஒருவனைக் குற்றவாளியாக்குவது போலவே, ஒரு மக்களைக் காணாதபடியும் செய்யும். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வழக்காட நீதிமன்றமாவது உண்டு. காணப்படாதவன் எங்கே முறையிடுவான்?

நம் நாட்டுக் கதைகள்

1896இல் பம்பாயில் பரவத் தொடங்கிய பிளேக், அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைப் பிறப்பித்தது. சில பிரிவுகளே உடைய சிறிய சட்டம்; ஆனால், அதன்படி செயல்படும் அலுவலர் மீது வழக்குத் தொடர இயலாது என்ற பாதுகாப்பும் அதில் இருந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தனர். பெண்களை வெளியே நிறுத்தினர். அவ்வாண்டு ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டனர். 1898 மார்ச் 9 அன்று பம்பாயில் முஸ்லிம் நெசவாளர் வீடொன்றில் நோயுற்ற சிறுமியை அப்புறப்படுத்த முயன்றபோது கலகம் மூண்டது. மக்கள் நோய்க்கு அஞ்சினர். நோயாளியைக் கொண்டுசெல்லும் கைக்கு அதைவிட அஞ்சினர்.

இந்த இரண்டாம் அச்சத்தையே பொருளாகக் கொண்டு உருது எழுத்தாளர் ராஜிந்தர் சிங் பேதி ‘குவாரண்டைன்’ என்னும் சிறுகதையை எழுதினார். பிளேக்கைவிடத் தனிமைமுகாமுக்கே மக்கள் அதிகம் அஞ்சுகின்றனர் என்று கதை தொடங்குகிறது. மருத்துவர் பக்ஷி கடமை தவறாதவர்; ஆனால் தொற்றுக்கு அஞ்சி, கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவுபவர். பாகு என்பவன் தெருக்கூட்டும் தொழிலாளி. விடியுமுன் எழுந்து சுண்ணாம்பு தூவுவான், பிணங்களை அகற்றுவான், நோயாளிகளின் அருகே அமர்ந்து ஆறுதல் சொல்வான். எரியும் பிணக்குவியலிலிருந்து உயிரோடு துடித்த ஒருவனை இழுத்தெடுத்துத் தன் கையைச் சுட்டுக்கொள்கிறான். அவன் மனைவியும் நோயால் இறக்கிறாள். அதன் பிறகும் அவன் முகாமுக்கு வருகிறான். நோய் ஓய்ந்தபின் ஊர் கூடிப் பாராட்டு விழா நடத்துகிறது. மாலையும் பணமுடிப்பும் மருத்துவருக்கு. பாகு பழைய துடைப்பத்தோடு வந்து வாழ்த்துச் சொல்லும்போது மருத்துவரின் கழுத்து மாலையின் பாரத்தால் தாழ்கிறது. 2020இல் தட்டுகளைத் தட்டியும் மலர் தூவியும் நன்றி சொன்ன நாம், மயானத் தொழிலாளியின் பெயரைக் கேட்டறிந்தோமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

கன்னட எழுத்தாளர் யு. ஆர். அனந்தமூர்த்தி 1965இல் வெளியிட்ட ‘சம்ஸ்காரா’ வேறொரு வாயிலைத் திறக்கிறது. துர்வாசபுரம் என்னும் அக்கிரகாரத்தில் நாரணப்பன் என்பவன் காய்ச்சலால் இறக்கிறான். ஆசாரம் துறந்தவன்; முஸ்லிம்களோடு உண்டவன்; சந்திரி என்னும் தாழ்ந்த குலப் பெண்ணோடு வாழ்ந்தவன். அவனுக்கு யார் ஈமக்கடன் செய்வது என்று ஊர் வாதிடுகிறது. உடல் கிடந்து அழுகுகிறது. எலிகள் செத்து விழுகின்றன. கூரையில் கழுகுகள் அமர்கின்றன. எரிக்கப்படாத உடலின் தீட்டே இதற்குக் காரணம் என்று ஊரார் நம்புகின்றனர். வந்திருப்பது பிளேக் என்பதை அறிந்துகொள்ளாதபடி அந்தத் தீட்டு அச்சமே அவர்கள் கண்ணை மறைக்கிறது.

உடலை எரித்தது யார்? சந்திரி முதலில் வண்டிக்காரன் ஒருவனிடம் கெஞ்சுகிறாள். பிராமணன் உடலைத் தொட அவன் அஞ்சுகிறான். பிறகு மீன் வணிகன் அகமது பாரியிடம் செல்கிறாள். பணமுடையில் நாரணப்பன் தனக்கு உதவியதை மறவாத அம்மனிதன், இரவோடிரவாக வண்டியில் விறகும் உடலும் ஏற்றிச் சென்று எரித்துவிட்டு, யாரும் அறியாமல் திரும்புகிறான். அக்கிரகாரத்தார் சாத்திர ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கையில் வேலை முடிந்துவிட்டது. நாவலில் அவனுக்குக் கிடைக்கும் இடம் சில வரிகளே. அக்கிரகாரத்தின் சிக்கல் முழுவதும் அச்சில வரிகளில் அவிழ்கிறது.

முஸ்லிம் பாத்திரம் ஒன்று நற்செயல் புரிகிறது என்பதற்காக நாம் இதை எடுத்துக்காட்டவில்லை. வண்டிக்காரன் இந்து, அவனும் அஞ்சினான். நம்மவர்களிடையிலும் அஞ்சியவர் உண்டு. இக்கட்டுரையின் தொடக்கத்தில் ஒருவரைக் காட்டினோம். கதை உணர்த்துவது இதுதான்: தொடக்கூடாது என்ற அச்சம் எங்கே கூடுகிறதோ, அங்கே தொடும் கடமை விலக்கி வைக்கப்பட்டவர் மீது விழுகிறது. பாகு, சந்திரி, அகமது பாரி ஆகிய மூவரும் ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்கள்.

நூலும் வாழ்வும்

நம் அரபு ஏடுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன? நோய் தோன்றிய ஊருக்குள் செல்லலாகாது, தாம் இருக்கும் ஊரில் தோன்றினால் அஞ்சி வெளியேறலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டிச் சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியிலிருந்தே திரும்பினார்கள். படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்கள் தம் வீரர்களை விட்டுப் பிரிய மறுத்து அங்கேயே இறந்தார்கள். ஒருவர் நுழையவில்லை, ஒருவர் விலகவில்லை. இரண்டும் ஒரே போதனையின் இரு பக்கங்கள்.

வெளியேறலாகாது என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (இறப்பு கி.பி. 1111) தந்த விளக்கம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. நலமாயிருப்போர் எல்லாரும் வெளியேறினால், எழ இயலாத நோயாளிகளைப் பராமரிக்க ஒருவரும் இல்லாமற் போவர் என்கிறார் அவர். ஊரடங்கை நோய் வெளியே பரவாதிருக்கும் ஏற்பாடாக மட்டும் காணாமல், நோயாளி கைவிடப்படாதிருக்கும் ஏற்பாடாகவும் கண்ட பார்வை அது. 1348இல் ஃபுளோரன்ஸிலிருந்து பத்து இளைஞர் தோட்ட மாளிகைக்குச் சென்று நூறு கதைகள் பேசியதாக பொக்காச்சியோ எழுதினார். அக்கதைகள் இனியவை, ஆனால் நகரில் எஞ்சியவர்களுக்கு யார் கதை சொன்னது என்று கஸ்ஸாலியைப் படித்தவர் கேட்பர்.

அதே பெருநோயைப் பற்றி அலெப்போ நகரத்து இப்னுல் வர்தி எதுகை நடையில் ஒரு நூல் யாத்தார். நோயை ஊர் ஊராகப் பயணம் செய்யும் ஒரு பாத்திரமாக அதில் படைத்தார். 1349இல் அந்நோய்க்கே இரையானார். ‘தாஊன்’ பற்றிப் பெருநூல் இயற்றிய இப்னு ஹஜர் அஸ்கலானி, தம் மகளிர் மூவரை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். கிரானடாவின் இப்னுல் கதீப், நோய் தொற்றுவது கண்கூடான அனுபவம் என்றும், அனுபவத்துக்கு முரணாகத் தோன்றும் கூற்றை விளக்கிப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் துணிந்து எழுதினார். தொற்று உண்டா இல்லையா என்று ஆலிம்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டனர். நோயாளியைக் கைவிடலாமா என்பதில் வாதமே எழவில்லை.

இவற்றையெல்லாம் நாம் ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதிக் கொடுத்திருக்கிறோம். ஓதிக் கொடுத்தவர் மரத்தடியில் நின்றார். ஓதியவன் பிணத்தைச் சுமந்தான்.

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்க வந்தவர்கள் மீது கல்லெறியப்பட்டது. உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் இரவில் மண்ணைத் தள்ளி அடக்கினார். அடக்கத்தைத் தடுப்போர்க்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. சட்டம் கல்லெறியும் கையைத் தடுக்கலாம். பிணத்தைச் சுமக்கும் தோளைத் தர அதனால் இயலாது. அத்தோள்கள் தாமாகவே வந்தன. தமிழகத்திலும் புதுவையிலும் முஸ்லிம் இளைஞர் பலர், குளிப்பாட்ட உறவினர் வராத உடல்களைச் சமயம் பாராமல் ஏற்று, இந்துக்களை மயானத்துக்கும் கிறிஸ்தவரைக் கல்லறைத் தோட்டத்துக்கும் கொண்டு சேர்த்தனர். தப்லீக் கூட்டத்தைக் காட்டி எந்தச் சமூகத்தை நோய் பரப்புவோர் என்று பேசினார்களோ, அச்சமூகத்தின் பிள்ளைகள் அவர்கள். அவர்களோடு மயானத் தொழிலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் ஊர்தி ஓட்டுநர்களும் நின்றனர்.

கவசமும் இடைவெளியும் அறிவுடைய எச்சரிக்கையே. அந்தப் பிள்ளையும் கவச உடுப்பு அணிந்தே உடலைத் தொட்டான். எச்சரிக்கை நோயை விலக்கிவிட்டு மனிதனை நெருங்குகிறது. அச்சம் மனிதனையே விலக்குகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருப்பதால், நம் அச்சத்துக்கு எச்சரிக்கை என்று பெயரிட்டுக்கொள்வது எளிது. நல்ல கொள்ளைநோய்க் கதைகள் அந்தப் பெயரைத் திருத்தித் தருகின்றன.

அண்மையில் அவ்விளைஞனைக் கடைத்தெருவில் கண்டோம். அன்று மரத்தடியில் நின்றதற்காக வருந்துகிறோம் என்று சொன்னோம். “என்ன ஹஜ்ரத், நாங்கள்தான் உங்களை நிற்கச் சொன்னோமே” என்று சிரித்தான். எத்தனை உடல்களைச் சுமந்தாய் என்று கேட்டோம். எண்ணவில்லை என்றான். பிறகு, மறைந்த தமிழாசிரியரின் மகன் ஊருக்கு வந்தபோது தன்னைத் தேடி வந்து, தந்தையின் இறுதி நேரத்தில் அருகில் யார் இருந்தனர் என்று கேட்டதைச் சொன்னான்.

“நீ என்ன சொன்னாய்?” என்றோம்.

“நாம் எல்லாரும் இருந்தோம் என்று சொன்னேன், ஹஜ்ரத்” என்றான்.

அவன் ‘நாங்கள்’ என்று சொல்லவில்லை.